காற்றாலைக்கு அனுமதியா? முதலில் பழைய 'அ' பதிவேட்டைப் பாருங்கள்

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளை இரவு பகலாகச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டில் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் உள்ளன. பெருமைதான். அந்தக் கோபுரங்கள் நிற்கும் மண் யாருடையது என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

இப்போது கேட்டாக வேண்டும். 1990-களில் வைத்த 225, 250 கிலோவாட் இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. பழையதைக் கழற்றிவிட்டுப் பெரிய இயந்திரங்களை வைக்க 2024-ல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டது. இயந்திரத்தின் வயதைப் பார்க்கும் அதிகாரிகள் நிலத்தின் வரலாற்றையும் பார்க்கட்டும்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையை அடுத்து, 1892-ல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. அதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு திரும்ப எடுக்கலாம் என்பது நிபந்தனை. அன்று நமக்குக் கிடைத்தது நஞ்சை அல்ல, தரிசு. காற்றாலைக்காரர்கள் தேடுவதும் அதே மானாவாரித் தரிசைத்தான். நம் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது.

இன்றைய கணினிச் சிட்டாவை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. 1980-களில் யு.டி.ஆர். பதிவு நடந்தபோது பல ஊர்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு விடுபட்டது. எப்படி விடுபட்டது என்பது தனிக் கதை. அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தாலுகா அலுவலகத்துக்கு மனு போட்டால் நகல் கேட்கலாம். நம் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு இருவர் முன்வந்தால் போதும்.

நாம் காற்றாலைக்கு எதிரிகள் அல்ல. நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல். கோபுரம் அடைக்கும் இடமும் கொஞ்சம்தான். சுற்றிலும் ஆடு மேய்க்கலாம், உளுந்து விதைக்கலாம். நிலம் நம் பெயரில் இருந்தால் ஆண்டு வாடகை நம் வீட்டுக்கு வரும். இல்லையென்றால், அதிகம் போனால் ஒரு காவலாளி வேலை. பஞ்சமி என்று தெரியவரும் இடத்தை அரசு மீட்டு, நம் மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்து, வாடகை அந்தச் சங்கத்துக்கே சேரும்படி விதி வகுக்கட்டும்.

கடலிலும் காற்றாலை வரப்போகிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் குஜராத் கடலுக்கு 500, தமிழ்நாட்டுக் கடலுக்கு 500 மெகாவாட். மீனவர்களின் கவலை தனியாக எழுத வேண்டியது. ஆனால் கடலில் எடுக்கும் மின்சாரமும் கரையேறித்தானே ஆக வேண்டும்? துணை மின்நிலையத்துக்கும் மின்பாதைக்கும் நிலம் தேடுவார்கள். அப்போதும் முதலில் கண்ணில் படப்போவது 'தரிசு' என்று எழுதிய சர்வே எண்கள்தான்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைப்போம்: பழைய பதிவேட்டைச் சரிபார்த்து, சர்வே எண் வாரியாகக் கலெக்டர் சான்று தராமல் எந்தக் காற்றாலைக்கும் புது அனுமதி கூடாது.