வயிற்றுக்குள் செல்லும் வயல் நஞ்சு



'வெயிலில் பாடுபடுகிறவனுக்குச் சர்க்கரை நோய் வராது' என்பது நம் ஊர்களில் வழங்கும் பேச்சு. இன்றோ பெரம்பலூர், அரியலூர் சிற்றூர்களில் ஏர்பிடித்த கைகளும் மாத்திரைப் பையைச் சுமக்கின்றன. காரணம் என்ன?

நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு ஊழியம் செய்பவை. நாம் செரிக்கவியலாத நார்ப்பொருளைச் சிதைத்து, நலந்தரும் அமிலங்களாக்கித் தருகின்றன. அவற்றிடம் நஞ்சைக் கொடுத்தால் என்னாகும்?

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்தைச் சிறிதளவு நீரில் கலந்து 180 நாள் எலிகளுக்குப் புகட்டினர். குடல் நுண்ணுயிர்கள் அந்நஞ்சைச் சிதைத்து அசெட்டிக் அமிலமாக்கின. ஈரல் அதனைச் சர்க்கரையாக்கியது. இரத்தத்தில் சர்க்கரை படிப்படியாக உயர்ந்தது. மதுரையை அடுத்த சிற்றூர்களில் 3,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்குவோரிடம் நீரிழிவு ஏறத்தாழ மும்மடங்காகக் காணப்பட்டது.

மனிதரைப் பொறுத்தவரை இஃது இன்னும் முடிந்த முடிபன்று. பரம்பரையும் உணவும் உடற்பருமனும் நீரிழிவுக்குக் காரணங்களே. மானோகுரோட்டோபாஸ் 2023இல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அதே இனத்து மருந்துகள் சில இன்றும் விற்பனையில் உள்ளன.

அதே 2017இல் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் கொல்லைகளில் மருந்தடித்த உழவர் சிலர் நஞ்சேறி மாண்டதை நாம் மறக்கவில்லை. உடனே கொல்லும் நஞ்சுக்கு அஞ்சுகிறோம். ஓசையின்றி உடலை அரிக்கும் நஞ்சுக்கு அஞ்சுகிறோமா?

மருந்தடிப்போர் முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியட்டும். எதிர்காற்றில் தெளிக்கலாகாது. கை கழுவாமல் வெற்றிலை, பீடி, சோறு எதனையும் தொடலாகாது. வேலை முடிந்ததும் குளித்து, அவ்வுடைகளைத் தனியே துவைக்க வேண்டும். தாய்மார்களே, காலி மருந்துப் புட்டிகளை வீட்டில் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். காய்கறிகளை நன்கு கழுவிச் சமையுங்கள். நம் மண்ணில் விளையும் வரகும் கம்பும் பயறும் சின்ன வெங்காயமும் அந்நுண்ணுயிர்களுக்கு ஏற்ற உணவு.

உழவரே, ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்கள் மருத்துவர் தந்த மருந்தை விட்டுவிடலாகாது. பயிரைக் காப்பதற்கு நாம் எடுக்கும் அக்கறையில் பாதியேனும் அதை விளைவிக்கும் உடலுக்கும் உரியதன்றோ?