கைதட்டி எடுத்த போட்டோ

போன ஜனவரியில் நான் போட்ட ஒரு போட்டோவை உங்களில் பல பேர் பார்த்திருப்பீங்க. காலை ஏழு மணி வெளிச்சம், கீழே குளத்துத் தண்ணி, மேலே முப்பது நாற்பது வரித்தலை வாத்துகள் ஒரே நேரத்தில் எழும்புற காட்சி. டிபார்ட்மென்ட் குரூப்பில் "மாஸ் மச்சி"ன்னு வரிசையா வந்தது. ஹெச்.ஓ.டி. சார் கூட ஒரு தம்ஸ்-அப் போட்டார். அந்தப் போட்டோவைப் போன மாசம் டெலீட் பண்ணிட்டேன். ஏன்னு கேட்டவங்களுக்கு எல்லாம் சேர்த்து இந்தக் கட்டுரைதான் பதில்.

இதை இப்போ எழுதக் காரணமும் இருக்கு. குளிர்காலப் பறவை போட்டோகிராபி பயிலரங்கத்துக்கான போஸ்டர் நம்ம கிளப் குரூப்பில் சுத்த ஆரம்பிச்சாச்சு. இரண்டு நாள், வழிகாட்டியோடு, வலசைப் பறவைகள், சாப்பாடு உட்பட. கடைசி வரியில் தடிச்ச எழுத்தில், "பறக்கும் ஷாட் கேரண்டி". அந்த கேரண்டியை எப்படிக் கொடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் போயிட்டு வந்தவன்.

நாங்க போனது கூந்தன்குளம். திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் போற ரோட்டில் மூன்றடைப்பு தாண்டி உள்ளே போகணும். 1994-ல் சரணாலயமா அறிவிச்ச இடம், இப்போ ராம்சார் பட்டியலிலும் இருக்கு. மத்த சரணாலயங்களில் ஊர் ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம் இருக்கும். இங்கே ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலேயே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும், ராத்திரி எல்லாம் குஞ்சு கத்தும். ஊர்க்காரங்க அதோடதான் வாழுறாங்க. தீபாவளிக்கு வெடி கிடையாது. கீழே விழுற குஞ்சை எடுத்து வளர்க்கிற பழக்கமும் உண்டு. பறவை எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு உரம்.

பயிலரங்கத்தின் முதல் நாள் உண்மையிலேயே நல்லா இருந்தது, அதை மறைக்க விரும்பலை. கேமராவில் எனக்கு இருந்த பல சந்தேகம் அன்னைக்குத்தான் தீர்ந்தது. கறுப்புத் தண்ணிக்கு முன்னாடி வெள்ளைப் பறவை நின்னா கேமரா தானா வைக்கிற அளவில் இறகு வெளுத்துப் போகும், அதனால எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்கணும். பறக்கிற பறவைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/2000 பக்கத்தில் வேணும். கரையில் நின்னு எடுக்காம, படுத்து பறவையின் கண் மட்டத்தில் எடுத்தா படமே மாறிடும். இதெல்லாம் யூடியூபில் கிடைக்கும்தான், ஆனா பக்கத்தில் ஒருத்தர் நின்னு சொன்னா அஞ்சு நிமிஷத்தில் பிடிபடுது.

இரண்டாம் நாள் காலை. குளத்துக்கரையில் வரித்தலை வாத்துக் கூட்டம். பாதி ஒத்தைக் காலில் நின்னுது, பாதி அலகை முதுகில் செருகி உட்கார்ந்திருந்தது. நாங்க பதினாறு பேர், பதினாறு கேமரா. அரை மணி நேரத்தில் உட்கார்ந்திருக்கிற படம் எல்லாருக்கும் கிடைச்சாச்சு. "பறக்கும் ஷாட் வேணும்ல? எல்லாரும் பர்ஸ்ட் மோடில் வைங்க"ன்னு குரல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கரைமேல நின்ன ஒருத்தர் பலமா கைதட்டினார். மொத்தக் கூட்டமும் எழும்பிச்சு. பதினாறு கேமராவும் மெஷின் கன் மாதிரி அடிச்சுது. நானும் அடிச்சேன். "செம, செம"ன்னு சத்தம் போட்டதில் என் குரலும் இருந்தது.

பின்னாடி ஆடு ஓட்டிக்கிட்டு ஒரு ஆச்சி வந்தாங்க. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு எங்ககிட்ட சொன்னது இதுதான்: "ராத்திரியெல்லாம் வயல்ல மேஞ்சிட்டு இப்பந்தான வந்து உக்காந்துச்சு. அதுக்குள்ள கையத் தட்டி எழுப்புதீகளே. நாங்க தீவாளிக்கே வெடி போடாம இருக்கோம் ஐயா." கோபமா கூட சொல்லலை. சொல்லிட்டு ஆடுகளோட போயிட்டாங்க. எங்க குரூப்பில் யாரோ லேசா சிரிச்சாங்க.

அன்னைக்கு எனக்கு வெறும் கூச்சம்தான். அப்புறம் படிச்சுப் பார்த்தப்போதான் ஆச்சி சொன்னது அப்படியே சரின்னு தெரிஞ்சது. இந்த வாத்துகள் பெரும்பாலும் இருட்டில் வயலில் மேயும், பகலில் தண்ணி ஓரமா ஓய்வெடுக்கும். நாங்க "சும்மா உட்கார்ந்திருக்கு"ன்னு நினைச்ச நேரம் அதுக்கு நைட் ஷிப்ட் முடிஞ்ச தூக்கம்.

அது எங்கிருந்து வந்திருக்குன்னும் பாருங்க. மங்கோலியா, திபெத் மாதிரி இடங்களில் குஞ்சு பொரிச்சு, இமயமலையைத் தாண்டி வருது. டிராக்கர் மாட்டிப் பார்த்ததில் 7000 மீட்டருக்கு மேலே பறந்த பதிவு இருக்கு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருக்கிறதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். கழுகு மாதிரி இறக்கையை விரிச்சு மிதந்து வர்றதில்லை, வழி முழுக்க இறக்கை அடிச்சே வருது. இரண்டு மூணு கிலோ உடம்பு. மார்ச், ஏப்ரலில் இதே வழியில் திரும்பிப் போகணும். அதுக்கான கொழுப்பை நம்ம குளத்திலும் வயலிலும்தான் சேர்க்குது. மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம், தரையில் இருந்து கிளம்புற நேரம்தான் எரிபொருள் அதிகமா குடிக்கிற நேரம்.

"ஒரு தடவை எழுப்பினா என்னடா ஆகிடும்?"னு ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு தடவைன்னா பெரிசா ஒண்ணும் ஆகாம இருக்கலாம். பருந்து வந்தாலும்தான் எழும்புது. ஆனா நாங்க மட்டுமா போறோம்? சீசனில் சனி, ஞாயிறு ஆனா கேமராவோட ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கு. ஒவ்வொரு குரூப்பும் "எங்களுக்கு ஒரே ஒரு தடவை"ன்னு நினைச்சா வாத்துக்கு அது எத்தனையாவது தடவை? கூடு இருக்கிற மரத்தில் கதை இன்னும் மோசம். நாரை வெயில் நேரத்தில் இறக்கையை விரிச்சு நின்னு குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். அது பயந்து எழும்பினா குஞ்சு நேரா வெயிலில், காக்காய் கண்ணில்.

இப்போ நம்ம பாஷைக்கு வருவோம். பக்கத்தில் போனாதான் நல்ல படம் வரும்னு எல்லாரும் சொல்லுவாங்க. கணக்கு போட்டுப் பார்க்கலாம். வரித்தலை வாத்து நீளம் சுமார் 75 செ.மீ. நம்ம கிளப்பில் இருக்கிற 400 எம்.எம். லென்ஸ், 24 மெகாபிக்சல் கேமரா, சென்சார் அகலம் 23.5 மி.மீ., குறுக்கே 6000 பிக்சல். வாத்து 60 மீட்டர் தூரத்தில் இருக்கு. சென்சாரில் அதன் பிம்பம் 5 மி.மீ. விழும். அதாவது ஏறக்குறைய 1270 பிக்சல், வாத்து மட்டும். நாம அதை எங்கே போடப் போறோம்? இன்ஸ்டாவில். அங்கே படத்தோட மொத்த அகலமே 1080 பிக்சல். 60 மீட்டரில் இருந்தே தேவைக்கு மேல இருக்கு. அப்புறம் எதுக்கு 20 மீட்டருக்குத் தவழ்ந்து போறோம்? படம் மங்கலா வருதுன்னா பெரும்பாலும் காரணம் தூரம் இல்லை, பத்து மணிக்கு மேல கிளம்புற கானல். அதுக்கு மருந்து அலாரம் வெச்சு அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறதுதான்.

போட்டோகிராபியே தப்புன்னு நான் சொல்ல வரலை. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் தட்டுப்பட்டிருக்கு. பட்டையில் இருக்கிற எழுத்து தெளிவா விழுந்த ஒரு போட்டோ இருந்தா போதும், அந்தப் பறவை கடந்து வந்த தூரத்துக்கே ஆதாரம் கிடைச்சிடும். எனக்கே பறவைமேல ஆசை வந்தது யாரோ எடுத்த மீன்கொத்திப் படத்தைப் பார்த்துதான். பிரச்சனை, படத்துக்காக எதையும் செய்யலாம்னு ஆகும்போது ஆரம்பிக்குது. இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற உலகப் புகழ்பெற்ற போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கின ஓநாய்ப் படத்தை, அது பழக்கின ஓநாயா இருக்கலாம்னு சொல்லி அப்புறம் நீக்கினாங்க. 2017-ல் ஒரு பிரிவில் ஜெயிச்ச எறும்புத்தின்னிப் படத்தையும் நீக்கினாங்க. அதில் இருந்தது பாடம் பண்ணி வெச்ச எறும்புத்தின்னின்னு நடுவர்கள் முடிவுக்கு வந்தாங்க. லைக்குக்கும் பரிசுக்கும் படம் மட்டும்தான் தெரியும். அது எப்படி வந்ததுன்னு தெரியாது.

இன்னொரு குறையும் சொல்லணும். இரண்டு நாளில் பறவையைப் பத்தி நாங்க கத்துக்கிட்டது ரொம்பக் கொஞ்சம். பஸ்ஸில் வரும்போது பாதிப் பேர் "கூழைக்கடா ஆஸ்திரேலியாவில் இருந்து வருதாம்"னு பேசிக்கிட்டு வந்தாங்க. பேப்பரிலும் அப்படித்தான் போடுறாங்க. இங்கே கூடு கட்டுற கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நம்ம நாட்டுப் பறவைகள்தான். தண்ணியையும் மீனையும் தேடி ஊர் ஊரா நகரும், அவ்வளவுதான். வெளியூர் விருந்தாளி வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மாதிரியான பறவைகள். எது இங்கேயே குடும்பம் நடத்துது, எது தங்கிட்டுப் போகுதுன்னு தெரியாமலே மெமரி கார்டை நிரப்பிக்கிட்டு வந்தோம்.

அதனால கிளப் செயலாளருக்கும் ஜூனியர்களுக்கும் என் கோரிக்கை. பயிலரங்கத்தை நிறுத்த வேண்டாம், மாத்தி நடத்துங்க. முதல் நாள் காலை யாரும் கேமராவைத் தொட வேண்டாம். நாலு பைனாகுலரை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு, பறவை என்ன செய்யுதுன்னு இரண்டு மணி நேரம் எழுதட்டும். மேயுறதை நிறுத்துறது, கழுத்தை நிமிர்த்துறது, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்புறது, மெதுவா விலகி நடக்கிறது: இதெல்லாம் "கிட்ட வராதே"ன்னு அது சொல்ற பாஷை. அதைப் படிக்கத் தெரிஞ்சவனுக்குப் பறக்கும் ஷாட்டும் தானா கிடைக்கும். சாயங்காலம் மேய்ச்சலுக்குக் கிளம்புற நேரத்தில் கூட்டம் தன்னாலேயே எழும்பும். காத்திருந்தா போதும்.

வழிகாட்டி அந்த ஊர் ஆளா இருக்கட்டும், கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் போறது, ஸ்பீக்கரில் பறவைக் குரல் போட்டுக் கூப்பிடுறது, கைதட்டுறது, கல் எறியுறது இதெல்லாம் செய்தா அன்னையோட கேமரா பைக்குள்ள போகணும்னு விதி வைங்க. பார்த்த பறவைப் பட்டியலை அன்னைக்கே இ-பேர்டில் ஏத்துங்க, அப்போ நம்ம பயணம் யாருக்காவது தகவலா மிஞ்சும். கண்காட்சியில் படத்துக்குக் கீழே லென்ஸ் நம்பர் போடுறோமே, கூடவே "எவ்வளவு தூரத்தில் இருந்து எடுத்தது, பறவை அப்போ என்ன செய்துக்கிட்டிருந்தது"ன்னு ஒரு வரியும் போடலாம். என் வாத்துப் படத்துக்கு அந்த வரியை நான் எழுதிப் பார்த்தேன். "தூங்கிக்கிட்டிருந்தது, கைதட்டி எழுப்பினோம்." எழுதின பிறகு அதை வெச்சிருக்க மனசு வரலை.

பயிலரங்கத்துக்குப் பணம் கட்ட முடியாதவங்க, லென்ஸ் இல்லாதவங்க வருத்தப்பட வேண்டாம். பொங்கல் லீவில் ஊருக்குப் போகும்போது பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்குன்னே ஒரு கணக்கெடுப்பு உண்டு. பதினைஞ்சு நிமிஷம் ஒரு இடத்தில் நின்னு பார்த்து எண்ணினா போதும். மெக் வொர்க்‌ஷாப் பின்னாடி கம்பியில் தினமும் ஒரு பழுப்புக் கீச்சான் உட்கார்ந்திருக்கு. அதுவும் வலசை வந்ததுதான். செப்டம்பரில் இருந்து பார்க்கிறேன், அதே கம்பி, அதே இடம். நீங்க அந்தப் பக்கம் போனா வலதுபுறமா சுத்திப் போங்க. நேரா நடந்தா எழும்பிடும்.