கம்பெனி அடிக்காத காசு



"தாத்தாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. ஒருபுறம் சஞ்சீவி மலையைத் தூக்கிப் பறக்கும் அனுமார், மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818. என்ன விலை போகும்?"

இப்படிக் கேட்டு நம் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அனுமாருக்குப் பதில் சிலவற்றில் ராமர் பட்டாபிஷேகம், சிலவற்றில் லட்சுமி. ஆண்டு மட்டும் பெரும்பாலும் அதே 1818.

மனம் நோகாதீர்கள்: அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. கள்ளக் காசு என்றால் அதற்கு ஓர் அசல் எங்காவது இருக்கும். இதற்கு அசலே கிடையாது. பிற்காலத்துப் பட்டறைகளில் யாரோ கற்பனையாக அடித்து, கோயில் வாசல்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் விற்றவை இவை. கம்பெனி ஆட்சியில் அணா கணக்கில் இருந்தது; அரை அணா செம்புக் காசும் உண்டு. ஆனால் ஒரு அணா தனி நாணயமாகப் பொதுப் புழக்கத்துக்கு வந்தது 1907-இல், கம்பெனி ஆட்சி முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. அதுவும் செம்பில் அல்ல. நிக்கல் கலந்த வெள்ளை உலோகத்தில், விளிம்பு வளைந்து வளைந்து இருக்கும்.

அடித்த ஆள் கொஞ்சம் சென்னை வரலாறு படித்திருந்தால் இதைவிட நன்றாகப் பொய் சொல்லியிருக்கலாம். கம்பெனி சாமி படம் போட்டுக் காசு அடித்தது உண்மைதான். வேங்கடவனும் இரு தேவியரும் நிற்கும் மூன்று சாமி வராகன், பிறகு பெருமாளும் நட்சத்திரமும் கொண்ட நட்சத்திர வராகன், எல்லாம் இங்கே தங்கத்தில் அடிக்கப்பட்டவை. 1808 வாக்கில் வந்த இரட்டை வராகனில் ஒருபுறம் கோயில் கோபுரம், மறுபுறம் பெருமாள். எழுத்தோ ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில். வெள்ளைக்காரனுக்குப் பெருமாள்மேல் பக்தி வந்துவிடவில்லை. விஜயநகரக் காலத்திலிருந்து சாமி உருவம் பதித்த வராகனைத்தான் இங்குள்ள வியாபாரிகள் நம்பி வாங்கினார்கள். அந்த 1818-உம் வேடிக்கையான ஆண்டு: சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியது அப்போதுதான். நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு.

கற்பனைக் காசு அடிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1936-இல் பதினோரு மாதம்கூட நிறையாமல் முடிதுறந்த எட்டாம் எட்வர்டின் முகம் பதித்த காசு பிரிட்டனில் புழக்கத்துக்கு வரவில்லை. அந்தக் குறை தீரப் பிற்காலத்தில் தனியார் அடித்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இன்னும் சுவையான கதை. 1964 என்று ஆண்டிட்ட 'பீஸ் டாலர்' வெள்ளிக் காசுகள் 3,16,076-ஐ டென்வர் நாணயச் சாலை 1965-இல் அடித்தது; வெளியே விடாமல் உருக்கியும் விட்டது. கொலராடோவில் டேனியல் கார் என்ற நாணயக் கலைஞர், அசலான பழைய பீஸ் டாலர்களின்மேல் தன் அச்சை இறக்கி, அந்த இல்லாத காசை உண்டாக்கினார். நகல் நாணயங்களில் 'காப்பி' என்று பொறிக்கச் சொல்லும் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பொருந்துமா என்று சேகரிப்பாளர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் கார் எதையும் ஒளிக்கவில்லை. வாங்குபவருக்குத் தான் வாங்குவது என்னவென்று தெரியும். எனக்கு அது போதும்.

நம் ஊரில் நடப்பது வேறு. இதே அனுமார் காசைக் காட்டி, "இதில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கிறது, வெளிநாட்டுக்காரன் கோடி கொடுத்து வாங்குவான்" என்று சொல்லி முன்பணம் கறக்கிறது 'ரைஸ் புல்லிங்' கும்பல். செம்பு அரிசியை இழுக்காது. இரும்புத்தூள் தடவிய அரிசியும், மறைத்து வைத்த காந்தமும்தான் அந்த வித்தை. பிடிபட்ட கும்பல்கள் எத்தனையோ. ஏமாந்து வீட்டை அடகு வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

தாத்தாவின் காசைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள், அதற்கு யார் தடை? பழைய காசுகளில் ஆசை பிறந்திருந்தால், எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள். கோடி தருகிறேன் என்று எவனாவது வந்து முன்பணம் கேட்டால், தயங்காமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்