போர்ட் ஆஃப் ஸ்பெயின் அருங்காட்சியகமும் நம் பிள்ளைகளும்



எம் மதரஸாவில் முன்பு ஓதிய மாணவர் ஒருவரின் தந்தை, டிரினிடாட் தீவில் பணிபுரிகின்றார். அண்மையில் அவர் எம்மிடம் வினவினார்: "ஹஜ்ரத், தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே ஓவியங்கள் நிறைய. பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?"

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள் என்றோம். உருவங்களைப் புனிதமெனப் போற்றுவதை மார்க்கம் வன்மையாகத் தடுக்கின்றது, அதில் ஐயமில்லை. படிப்பினை பெறும் நோக்கில் பார்வையிடுவது வேறு. முன்சென்ற சமுதாயங்களின் சுவடுகளைப் பூமியில் பயணித்துக் காணுமாறு திருமறை திரும்பத் திரும்ப அழைக்கின்றதே! மேலும், அங்கே போற்றப்படும் ஓவியர் மிஷேல் ழான் கஸபோன் (1813–1888) புகழ்பெற்றது இயற்கைக் காட்சிகளால். மரத்தையும் மலையையும் வரைவதை அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்ததில்லை.

ஆனால் அக்காட்சிகளை விரும்பி வரைவித்தவர்களுள் ஒருவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் ஆளுநர் ஹாரிஸ் பிரபு. 1846 முதல் டிரினிடாட்டை ஆண்டவர், 1854இல் நம் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையின் தளபதி ஜெனரல் ஹாரிஸின் பேரர் இவர். திப்பு சுல்தான் ஷஹீதானது அம்முற்றுகையில்தான். தொலைதூரத் தீவின் சுவரில் தொங்கும் ஓவியத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று இனி எவரும் கேட்க வேண்டியதில்லை.

ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் அத்தீவை அடைந்தது 1845 மே 30இல். அதன் பெயர் 'ஃபத்ஹுர் ரஸ்ஸாக்'. அங்குள்ளோர் நாவில் 'ஃபாட்டல் ரஸாக்' எனத் திரிந்தது. உணவளிப்பவன் என்னும் இறைத் திருநாமத்தைத் தாங்கிய கப்பல், பசித்த மக்களைக் கரும்புத் தோட்டத்திற்குச் சுமந்து சென்றது! பின்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1917இல்தான் அம்முறைக்கு முடிவு வந்தது.

இவர்களுக்கும் முன்னரே அந்நகரில் பாங்கோசை அறிந்தவர்கள் இருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மாந்திங்கோ முஸ்லிம்கள் அவர்கள். யூனுஸ் முஹம்மது பாத் என்பாரின் தலைமையில் பொருள் திரட்டி, தம் சகோதரர்களை ஒவ்வொருவராக விலைகொடுத்து மீட்டனர். தாயகம் திரும்ப அனுமதி வேண்டி 1830களில் பிரிட்டிஷ் அரசுக்கு மனு அனுப்பினர். அது ஏற்கப்படவில்லை.

ஆளுநர் கண்டு மகிழ்ந்த மலைகளும் தோட்டங்களும் வண்ணத்தில் நிலைத்துவிட்டன. அடிமைத் தளையிலிருந்து சகோதரனை மீட்க உண்டியலில் காசு போட்டவனை வரைய எந்தப் பிரபு பணம் கொடுத்திருப்பார்? சட்டகத்திற்குள் இருப்பதைப் போலவே, அதற்கு வெளியே விடப்பட்டவர்களையும் தேடும் கண் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். யூனுஸ் முஹம்மதின் பெயரைப் புறப்படுமுன் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள் என்று அச்சகோதரரிடம் கேட்டுக்கொண்டோம். திரும்பும் வழியில் குவீன் தெரு ஜாமிஆ பள்ளிவாசலில் அஸர் தொழுதுகொள்ளலாம் என்றும் கூறினோம்.