அடித்து எழுதிய விலை

கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பேரன் கேட்கிறான். "தாத்தா, நாப்பது பர்சன்ட் குறைச்சிருக்காங்க, இப்பவே வாங்கணும்" என்கிறான். என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இந்தப் பேச்சு நடக்கிறது. வாங்கிக் கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பென்ஷன் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: நாற்பது சதவீதம் எதிலிருந்து?

பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யிலிருந்துதான். எம்.ஆர்.பி. என்பது மேல் வரம்பு. நேற்று கடையில் நடந்த விலை அல்ல. பெரிய தொகையைப் போட்டு, அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டால் தள்ளுபடி தயார்!

பிரான்சில் வருடத்துக்கு இருமுறை 'சோல்த்' என்ற தள்ளுபடி விற்பனை நடக்கும். குறைந்தது ஒரு மாதம் முன்பே விற்பனையில் இருந்த சரக்கைத்தான் அதில் வைக்கலாம் என்பது சட்டம். 2022 முதல் இன்னொரு விதியும் உண்டு. விலை குறைப்பு என்று அறிவித்தால், முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அங்கே எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய காகிதத் தொல்லை புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியாததா! ஆனாலும் இந்த விதி இங்கேயும் வர வேண்டும்.

விலை மட்டுமல்ல, பெயரும் ஏமாற்றும். 2016-இல் என்விடியா விற்ற ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வகை. நினைவகம்தான் குறைவு என்று நினைப்போம். சின்னதில் வேலை செய்யும் கோர்களும் 1280-க்குப் பதில் 1152தான். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி கார்டு ஒன்றை 899 டாலர் என்று அறிவித்தார்கள். 16 ஜிபி 4080-இல் இருப்பது வேறு சிப் என்பதால் கூச்சல் எழுந்தது, விற்பனைக்கு வரும் முன்பே வாபஸ். 2023 ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. அப்படியென்றால் அந்த நூறு டாலர் எதற்கு? பெயருக்கா?

ஆபீசில் கொட்டேஷன் ஒப்பிடும்போது தள்ளுபடி சதவீதத்தை நாங்கள் பார்க்கமாட்டோம். ஸ்பெசிபிகேஷன் ஒன்றுதானா, வரியோடு கடைசித் தொகை எவ்வளவு, அவ்வளவுதான். இங்கும் அதேதான். எத்தனை ஜிபி என்று முழுப் பெயரோடு எழுதி வாங்குங்கள். வீட்டிலிருக்கும் பவர் சப்ளை அதைத் தாங்குமா, கார்டு கேபினுக்குள் நுழையுமா என்று பாருங்கள். மானிட்டர் சாதாரண 1080பி என்றால் உச்சியில் இருக்கும் மாடல் தண்டச்செலவு. பையனுக்குக் கல்லூரிப் பாடம் எழுதவும் படம் பார்க்கவும் மட்டும்தான் என்றால், பெரும்பாலான பிராசஸர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். (இதைச் சொன்னால் பேரன் முகம் வாடும். வாடட்டும்.)

கடைக்காரரிடம், "போன மாதம் இதே கார்டுக்குப் போட்ட பில் ஒன்றைக் காட்டுங்கள், தம்பி" என்று கேட்டுப் பாருங்கள். காட்டினால் அங்கேயே வாங்கலாம்.