ஆட்டக்காரரும் ஆற்றுப்படுத்துவோரும்

ஐரோப்பாவிற் கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர், இன்ன ஊரில் இன்ன கழகத்தில் ஆடுவேம் என்பதனைத் தாமே துணிகின்றனரோ, பிறரால் துணிவிக்கப்படுகின்றனரோ என்னும் வினா, கழகம் மாறும் பருவம் வருந்தோறும் எழுகின்றது. விடையாக உடனே ஏஜெண்டு எனப்படும் தரகர் பெயர் கூறப்படும். மாட்டுச் சந்தையிலே துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவோனோடு அவரை ஒப்பவைத்து நகுவாரும் உளர். யான் அவ்வாறு நகுதற்கு ஒருப்படேன். தரகர் வேண்டற்பாலரே, அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதிலேதான் குற்றம் கிடக்கின்றது என்பது என் துணிபு.

தரகரை இகழ்வோர், அவர் ஓங்குதற்கு முன் ஆட்டக்காரர் இருந்த நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டு வரை, எத்துணைச் சிறந்த ஆட்டக்காரரும் வாரத்திற்கு 20 பவுனுக்கு மேற் சம்பளம் பெறுதல் கூடாதென விதியிருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும், பழைய கழகம் விடுத்தாலன்றி அவர் வேறிடஞ் செல்லுதல் இயலாது. ஜார்ஜ் ஈஸ்தம் என்பார் நீதிமன்றம் ஏறி, அவ்வழக்கம் தொழிலுக்கு நேர்மையற்ற தடையாம் என்னும் தீர்ப்பை 1963இற் பெற்றார். பெல்ஜிய நாட்டுப் போஸ்மன், தம் ஒப்பந்தம் முடிந்தும், லீயேஜ் கழகத்தின் பிடிவாதத்தாற் பிரான்சு நாட்டு டன்கர்க் கழகத்திற்குச் செல்லமாட்டாது தடைப்பட்டுப் பல்லாண்டு வழக்காடி, 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். அதுமுதல் ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துள் விலையின்றி நாடு மாறலாயினர். முன்பு பழைய கழகத்தின் பேழைக்குச் சென்ற பொருள், இப்பொழுது ஆட்டக்காரர் சம்பளமாகவும் தரகர் கூலியாகவும் பிரிந்து ஓடலாயிற்று. ஆகவே தரகர் செல்வாக்கு என்பது அடிமைத்தளை அறுந்த இடத்தில் முளைத்த செடியாம். அதனைக் களையென்று மாத்திரம் கூறுதல் வரலாறறியாதார் கூற்று.

உரிமை வந்தவழித் துணையும் வேண்டுமன்றோ? பதினெட்டு இருபது வயதில், ஏறத்தாழ நம் வகுப்பினர் வயதில், ஓர் இளைஞன் அயல்நாட்டு வரிச்சட்டத்தையும், நாற்பது பக்க ஒப்பந்தத்தின் உட்பொருளையும் யாங்ஙனம் அறிவான்? அவன் தொழில் முப்பத்தைந்து வயதளவில் முடிவது. ஒருமுறை தவறான கழகத்திற் புகுந்து ஈராண்டு அமர்ந்திருப்பின், அவ்வீராண்டும் மீளா.

கலைஞனைத் தக்க இடத்திற்கு வழிப்படுத்தும் செயல் தமிழ் பயில்வோர்க்குப் புதுவதன்று. பத்துப்பாட்டுள் ஆற்றுப்படைகள் ஐந்து. முருகன்பால் ஆற்றுப்படுத்துவது நீங்கலாக ஏனைய நான்கினும், பரிசில் பெற்று மீளும் ஒருவன் வழியில் எதிர்ப்பட்ட வறியோனை நோக்கி, இன்ன வள்ளல்பாற் செல்க, வழி இஃது எனக் கூறுகின்றான். அவன் முன்னமே அவ்வள்ளலிடம் வாங்கியவனாதலின், அவன் புகழுரையையும் சற்று ஐயத்தோடு கேட்டல் வேண்டும் என நண்பர் ஒருவர் குறும்பாகக் கூறுவர்; ஆசிரியர் முன்னிலையிற் கூறார். ஆயினும் அவன் தான் பெற்றதனை மறைத்திலன். பெற்ற பொருளெல்லாம் விரித்துக் கூறியன்றோ வழி சொல்லத் தொடங்குகின்றான்! இக்காலத் தரகரிடத்து யாம் வேண்டுவதும் அவ்வெளிப்படையே.

ரூபென் நெவெஸ் என்னும் போர்த்துக்கேய இளைஞர் வரலாற்றை நோக்குவோம். 2015இல், பதினெட்டு வயதிலேயே, போர்ட்டோ கழகத்திற்கு ஐரோப்பியச் சாம்பியன் போட்டியில் தலைவராய் நின்றவர் அவர். அத்தகையார் 2017இல் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவிற் கிடந்த உல்வர்ஹாம்ப்டன் கழகத்திற்கு, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பவுன் விலையிற் சென்றார். மேலே ஏறுவோன் ஏன் கீழ்ப்படியில் இறங்கினான் என யாவரும் வியந்தனர். அக்கழகத்தை 2016இல் வாங்கியது ஃபோஸன் என்னும் சீன நிறுவனம். அதற்கு ஆலோசனை கூறியவர் ஜோர்ஜ் மெண்டெஸ் என்னும் பெருந்தரகர். நெவெஸுக்குத் தரகரும் அவரே. அவ்வாண்டே அங்குப் பயிற்சியாளராய் அமர்ந்த நூனோவோ, மெண்டெஸ் இத்தொழிலில் முதன்முதற் கையாண்ட ஆட்டக்காரர். பிற கழகத்தார் முறையிட்டனர். விதி எதுவும் மீறப்படவில்லை என 2018இல் அப்போட்டியை நடத்துவோர் கூறிவிட்டனர்.

விளைவு தீதன்று என்பதையும் ஒப்புதல் வேண்டும். கழகம் 2018இல் முதற்பிரிவுக்கு ஏறி, அடுத்த ஈராண்டும் ஏழாம் இடம் பெற்றது. நெவெஸும் பெரும்பெயர் பெற்றார். ஆயின் விளைவு நன்றாயினமையால் வழியும் நன்றென்பது அளவை நூலுக்கு ஒவ்வாது. வாங்குவோனுக்கு அறிவு சொல்பவரே வருவோனுக்கும் அறிவு சொல்வாராயின், வேறு கழகம் ஒன்று இவனுக்கு ஏற்றதாயிருப்பினும் அதனை எடுத்துரைப்பார் யார்?

விளைவும் தீதாய் முடிந்தது உண்டு. 2006இல் அர்ஜென்டைன நாட்டு டெவெஸும் மஸ்கெரானோவும் இலண்டன் வெஸ்ட் ஹாம் கழகத்தில் வந்து இறங்கினர். அவர்தம் ஆட்டத்தின் மீதான பொருளுரிமை, ஜூராப்சியான் என்பாரைச் சார்ந்த நிறுவனங்களின் கையில் இருந்தது. உலகக் கோப்பையில் ஆடிய மஸ்கெரானோ விரல்விட்டெண்ணும் ஆட்டங்களே ஆடிச் சில திங்களில் லிவர்பூலுக்குப் பெயர்ந்தார். உடன்படிக்கையை மறைத்தமைக்காகக் கழகம் 2007இல் 55 இலட்சம் பவுன் தண்டம் இறுத்தது. மூன்றாமவர் ஆட்டக்காரர்மேல் உரிமை கொள்ளும் அவ்வழக்கத்தை, ஃபிஃபா என்னும் உலகச் சம்மேளனம் 2015இல் முற்றும் விலக்கியது, நன்றே.

விலக்கப்படாது நின்றது பலர்பாற் கூலி கொள்ளும் வழக்கம். 2016இல் போக்பா, யுவெண்டஸ் கழகத்திலிருந்து 8 கோடியே 90 இலட்சம் பவுனுக்கு மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் புகுந்தபொழுது, அவர்தம் தரகர் ராயோலா விற்றவர், வாங்கியவர், ஆட்டக்காரர் ஆகிய முத்திறத்தாரிடமும் கூலி பெற்றதாக 2017இற் செய்தித்தாள்கள் ஆவணங்கொண்டு எழுதின. அந்நிலையில் அவர் எவர் பக்கம் நின்று பேசியிருப்பார்?

2023இல் ஃபிஃபா புதுவிதி வகுத்தது. தரகர் தேர்வெழுதித் தேறல் வேண்டும். ஆட்டக்காரர் சம்பளத்தில் 2 இலட்சம் டாலர் வரை நூற்றுக்கு 5, அதற்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 3 என்பதே கூலியின் எல்லை. சம்பளம் அவ்வெல்லையைக் கடந்தோர் தம் தரகர்க்குத் தாமே கொடுத்தல் வேண்டும். தரகர் வழக்குத் தொடுத்தனர்; ஜெர்மானிய நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி, அவ்விதிகளுட் பலவற்றை அவ்வாண்டு டிசம்பர் இறுதியிலேயே உலகெங்கும் நிறுத்திவைத்தனர். வாதமெல்லாம் நூற்றுக்கு எத்துணை என்பதிலே நின்றமை வருந்தத்தக்கது. மூன்றாயின் என், பத்தாயின் என்? திறமையுடையார் மிகுதியாகப் பெறுக. தன் கையினின்று எண்ணிக் கொடுப்பவன், பெற்ற அறிவுரை அப்பொருளுக்குத் தகுமோ என ஆராய்வான். கழகமே கொடுத்துவிடின் ஆராயான். அவ்விதிகளுள் தலையாயது 'தாமே கொடுத்தல்' என்பதே. மேலும், ஆட்டக்காரர்க்கும் அவரை வாங்கும் கழகத்திற்கும் ஒருவரே, இருவர் இசைவும் பெற்று, தரகராய் நிற்கலாம் என அப்புதுவிதியும் இடங்கொடுத்தது. இசைவு என்று எழுதிவிட்டாற் போதுமோ? இருபது வயதினன், தன்னை வெளிநாடு கொணர்ந்தவரிடத்து, இசையேன் எனக் கூறத் துணிவனோ?

தரகரே வேண்டா என்பார், பெல்ஜிய நாட்டுக் கெவின் டி புரோய்னைச் சான்று காட்டுவர். அவர் 2021இல் தரகரின்றித் தந்தையையும் வழக்கறிஞரையும் துணைக்கொண்டு, தம் ஆட்டத்தின் பயனைக் கணக்கறிவோரைக்கொண்டு அளந்து காட்டி, மான்செஸ்டர் சிட்டி கழகத்தில் 2025 வரை தங்குதற்குத் தாமே பேசி முடித்தார். அப்பொழுது அவருக்கு வயது 29, உலகறிந்த பெயர். போர்ட்டோவினின்று புறப்பட்ட நாளில் நெவெஸுக்கு வயது 20.