கல் நட்டோம், கஞ்சி வார்த்தோமா?

போர்க்களத்திலே மாண்ட மறவனுக்குக் கல் நடுவது எங்ஙனம் என்பதற்குத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பதிலே தொடங்கி, நீராட்டி, நட்டு, பெருஞ்சிறப்புச் செய்து, வாழ்த்தி முடிப்பதுவரை ஆறு படிகள்! செங்கம் வட்டாரத்திலே அத்தகைய கற்கள் இன்றும் நிற்கின்றன. வில்லேந்தியவனும் வாளேந்தியவனும் வெயிலிலே காய்ந்து, மழையிலே நனைந்து நிற்கிறார்கள். மாண்டவனுக்கு மரியாதை செய்ய நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால், தோழர்களே! மாளாது திரும்பியவன்? காலொன்றை இழந்தும் உயிரை இழக்காது ஊர் வந்து சேர்ந்தவன்? அவனுக்கு எத்தனை படி? இலக்கணத்துப் படியல்ல, அரிசிப் படியைக் கேட்கிறேன்!

அமெரிக்க நாட்டுக் கதையொன்று உண்டு. கதையென்றேன், நாடகம் எழுதுவோன் நாவுக்கு அது பழக்கம். உண்மையில் நடந்த நிகழ்ச்சிதான். முதல் உலகப் போரிலே பிரெஞ்சு மண்ணுக்குச் சென்று போரிட்டுத் திரும்பிய வீரர்கள், தாங்கள் பதுங்கு குழியிலே கிடந்த காலத்தில் ஆலைகளிலே இருந்தவர்கள் கைநிறையக் கூலி பெற்றதைக் கண்டனர். ஈடு கேட்டனர். 1924-ஆம் ஆண்டு சட்டம் வந்தது: உள்நாட்டிலே பணிபுரிந்த நாளொன்றுக்கு ஒரு டாலர், கடல்கடந்து பணிபுரிந்த நாளொன்றுக்கு ஒன்றேகால் டாலர். பலே என்கிறீர்களா? பொறுங்கள்! சிறு தொகைக்காரர் நீங்க, மற்றவர் கையிலே பணம் தரப்படவில்லை, பத்திரம் தரப்பட்டது. முழுத்தொகை கிடைக்கும் ஆண்டு 1945! அதுவரை உயிரோடிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இல்லையேல் வாரிசு வாங்கிக்கொள்ளும். 'கல்லறை போனஸ்' என்று வீரர்களே அதற்குப் பெயர் சூட்டினர்.

1929-லே பொருளாதாரம் சரிந்தது. ஆலைகள் மூடின, அடுப்புகள் அணைந்தன. பெட்டியிலே பத்திரம், வயிற்றிலே பசி! 1932-ஆம் ஆண்டு, ஓரகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரிலிருந்து வால்டர் வாட்டர்சு எனும் முன்னாள் சார்ஜண்டின் தலைமையில் ஒரு கூட்டம் சரக்கு ரயிலேறிக் கிளம்பிற்று. வழியெங்கும் பெருகிற்று. வாஷிங்டனிலே, அனகோஸ்டியா ஆற்றின் சேற்றுக் கரையிலே, குப்பைமேட்டுத் தகரத்தையும் பலகையையும் கொண்டு குடிசைகள் எழுந்தன. மனைவி மக்களோடு ஆயிரமாயிரம் பேர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே முகாமிலே, அருகருகே! படையிலே பிரித்து வைக்கப்பட்டவர்களைப் பசி ஒன்றாக்கிற்று.

ஜூன் 15-ஆம் நாள் கீழவை அவர்தம் கோரிக்கையை ஏற்றது. 17-ஆம் நாள் செனட், 62-க்கு 18 என்று உதைத்துத் தள்ளிற்று. அன்றிரவு நாடாளுமன்றப் படிக்கட்டருகே திரண்டிருந்தவர்கள் கல்லெறியவில்லை. நாட்டுப் பாடலைப் பாடிவிட்டுக் குடிசைக்குத் திரும்பினர்.

ஜூலை 28. காவலர் சுட்டதிலே ஹுஷ்கா, கார்ல்சன் என்ற இரு வீரர்கள் வீழ்ந்தனர். பிறகு வந்தது படை! குதிரைப்படை, துப்பாக்கி முனையிலே ஈட்டி செருகிய காலாட்படை, கண்ணீர்ப்புகை, டாங்கிகள்! தலைமை தாங்கி வந்தவர் தளபதி மக்கார்தர். ஆற்றைக் கடக்க வேண்டாமென்று குடியரசுத் தலைவர் ஹூவர் ஆணை அனுப்பியும், படை பாலத்தைக் கடந்தது. இரவிலே அனகோஸ்டியா எரிந்தது. ஹுஷ்காவுக்கு ஆர்லிங்டன் இராணுவ இடுகாட்டிலே இடம் தந்தனர். குடிசை போட இடமில்லை என்றவர்கள், குழி வெட்ட மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள்.

இன்னொரு காட்சி. நான் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்பீர்கள். குதிரைப்படையோடு வந்த அதிகாரிகளுள் ஒருவர் பாட்டன். 1918-லே பிரான்சுக் களத்திலே குண்டடிபட்டுக் கிடந்த அவரை இழுத்துக் காத்தவன் ஜோ ஆஞ்செலோ. அச்செயலுக்காக வீரப்பதக்கம் பெற்றவன். அந்த ஆஞ்செலோ, விரட்டப்பட்ட வீரர்களுள் ஒருவனாக நின்று, பாட்டனைக் காண வந்தான். இவனை அறியேன் என்று அகற்றச் சொல்லிவிட்டார் பாட்டன்.

அவ்வாண்டு நவம்பரில் ஹூவர் தோற்றார். தோல்விக்குக் காரணம் பல, எரிந்த குடிசையும் ஒன்று. அடுத்து வந்த ரூசுவெல்ட்டும் போனசுக்கு இசைந்தாரல்லர். அவர் தடையை மீறித்தான் 1936-லே நாடாளுமன்றம் பணத்தை வழங்கிற்று. எனினும் அனகோஸ்டியாவின் புகை ஆட்சியாளர் கண்ணிலே கரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1944 ஜூன் 22-இல், புதுச்சட்டம் கையெழுத்தாயிற்று. திரும்பி வரும் வீரனுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடனுக்கு அரசின் பொறுப்புறுதி, வேலை கிட்டும்வரை வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம். ஏறத்தாழ 22 இலட்சம் வீரர்கள் இச்சட்டத்தால் கல்லூரி கண்டனர். கல்லூரியைப் பாதியிலே விட்டு இறங்கிய எனக்கு, அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் பொறாமை எழுவதுண்டு.

அங்கும் ஓர் ஓட்டை! சட்டம் நிறம் பார்க்கவில்லை. சட்டத்தை நடத்தியவர்கள் பார்த்தார்கள். மிசிசிப்பி மாநிலத்து 13 நகரங்களில், 1947-ஆம் ஆண்டு இச்சட்டத்தின் பொறுப்புறுதியோடு வழங்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றுள் கறுப்பருக்குக் கிட்டியவை இரண்டு. இரண்டே இரண்டு! சேற்றிலே சேர்ந்து கிடந்தவர்களை வங்கியின் வாயிற்படி பிரித்துவிட்டது.

பிறநாட்டுப் பேச்சு நமக்கேன் என்பாருண்டு. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், விடிந்தால் விடுதலைத் திருநாள், டில்லி ஜந்தர் மந்தரில் என்ன நடந்தது? 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' கேட்டு ஜூன் திங்கள் முதல் அமர்ந்திருந்த முதிய வீரர்களை அப்புறப்படுத்தக் காவலர் முனைந்தனர். மார்பிலே பதக்கம், அதைப் பற்றியிழுக்கும் கை! அவர்கள் கேட்டது சலுகையா? ஒரே பதவியிலே, ஒரே கால அளவு பணிபுரிந்த இருவருள், முன்னே ஓய்வு பெற்றவனுக்குக் குறைவும் பின்னே ஓய்வு பெற்றவனுக்கு மிகுதியும் ஏன் என்று கேட்டனர். நவம்பர் 7-இல் ஆணை வந்தது. கேட்டது முழுதும் அதிலே இல்லை என்று மீண்டும் வழக்காடினர்.

அலுவலகத்து எழுத்தர் அறுபதை எட்டி ஓய்வு பெறுகிறார். சிப்பாய் முப்பத்தைந்திலும் நாற்பதிலும் வீடு திரும்புகிறான். பிள்ளை பள்ளியிலே, பெற்றோர் கட்டிலிலே. படைக்கு இளமை தேவை. ஆகவே இளமையை எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதற்கு நாம் தரும் வேலை என்ன? ஏ.டி.எம். வாசலிலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி! பனிமலையிலே எல்லை காத்தவன், பணப்பெட்டி காக்கிறான். 2022-லே வந்த அக்னிபத் திட்டமோ, நான்கே ஆண்டில் நூற்றுக்கு 25 பேர்வரை நிறுத்திக்கொண்டு, மற்றவரை ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயோடு, ஓய்வூதியமின்றி அனுப்புவது. இருபத்தைந்தும் நிரம்பாதவன் முன்னாள் வீரன்! பணம் கொடுத்தோமே என்பர். அமெரிக்காவும் பத்திரம் கொடுத்தது. பணம் கரைந்தபின் படிப்பும் தொழிலும் யார் தருவது என்பதற்கு விடை, 1944-ஆம் ஆண்டுச் சட்டம் போல் எழுத்திலே வேண்டும்.

அது ஆட்சியாளர் செய்ய வேண்டியது. கிளைக்கழகத் தோழர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. உங்கள் ஊரிலே ஒரு வீரனின் விதவை இருப்பார். கணவனின் டிஸ்சார்ஜ் புத்தகத்திலே அவர் பெயர் ஒருவிதம், ஆதாரிலே வேறுவிதம். அந்த ஓர் எழுத்துப் பிழையால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும். முதிய வீரர் ஒருவர் இருப்பார். தாம் இன்னும் சாகவில்லை என்று ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும். டிசம்பர் 7 கொடிநாளன்று உண்டியலிலே காசு போட்டுவிட்டுச் சட்டையிலே கொடி குத்திக்கொள்கிறோமே, நன்று. அதற்கு முன்னே ஒருநாள், அந்த அம்மையாரை அழைத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மனுவை நீங்களே எழுதுங்கள். ஒரு நகலை மறவாமல் அவரிடம் கொடுங்கள்.